தூக்க மாத்திரை கொடுத்த நாட்கள்

ஐப்பசி, செவ்வாய். விடாத மழை.
வீடு முழுக்க ஈரத்துணி. வண்ணார்பேட்டை போய் அவருக்குத் தூக்க மாத்திரை வாங்கினேன். தலைக்குள் இருந்த கட்டிக்குக் கதிர்வீச்சு போன வாரத்தோடு முடிந்தது, தூக்கம்தான் இல்லை. வியாதிக்கு முன்பு இதே மாத்திரையில் பாதி போட்டாலே குறட்டை. இன்று பாதி போட்ட கொஞ்ச நேரத்தில் எழுந்து பீரோக் கண்ணாடியைக் கையால் குத்தி உடைத்தார். தடுத்தேன். என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். கரப்பானைக்கூடக் காகிதத்தில் ஏந்தி வெளியே விடும் மனுஷர்!

கொழுந்தன் ராஜன் ஓடிவந்தான். "பாதி எந்த மூலைக்கு, மதினி? முழுசாக் குடுங்க."

புதன். மழை. ஊரில் பள்ளிகளுக்கு லீவு.
முழு மாத்திரை. எனக்கு உதடு கிழிந்தது. ராஜன் தோளில் பல் பதிந்து ரத்தம். வேட்டியை முறுக்கி அவரைக் கட்டிலோடு கட்டினோம். முடிச்சு நான் போட்டது. "ஏலே, என்னய ஏம்லே கட்டுத? கொன்னுருவேம்லே!" பக்கத்து வீட்டம்மா ஜன்னலில் நின்று, "பிசாசுதான், ஜெபம் பண்ணணும்" என்கிறாள். உன் வாயில் கொள்ளி வைக்க! அல்வாவுக்குள் இன்னொரு மாத்திரை வைத்து ஊட்டினேன். திமிறியதில் கட்டில் கால் முறிந்தது.

வியாழன். வெயில்.
இன்று அல்வாவைத் தின்று மாத்திரையைத் துப்பிவிட்டார். தொலையட்டும் என்று விட்டேன். சண்டைக்குத் தெம்பில்லை. ஆனால் நாள் முழுக்க சாது! மத்தியானம் தானாகவே தூங்கினார். எழுந்ததும், "உதட்டுல என்னட்டி?"
"வாளி இடிச்சிட்டு."
குளியலறைக்குள் போய் அழுதேன்.

வெள்ளி. ஆஸ்பத்திரி.
டாக்டர் கத்தினார். "தலையில கதிர்வீச்சு பட்டபிறகு சிலருக்கு இந்த மாத்திரை தலைகீழா வேலை செய்யும். தூக்கத்துக்குப் பதிலா வெறிதான் வரும். இது பழைய உடம்பு இல்லம்மா. யாரைக் கேட்டுக் கூட்டினீங்க?"
ராஜன் மின்விசிறியைப் பார்த்தான். அவர் அடிக்க அடிக்க மாத்திரையைக் கூட்டினோம். கூட்டக் கூட்ட அடித்தார். பாவிகள் நாங்கள். மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டினேன்.

சனி. நல்ல வெயில்.
பக்கத்து வீட்டம்மா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சாயங்காலம் அவரே வேட்டியை முறுக்கிக்கொண்டு வந்து கைகளை நீட்டினார்.
"கட்டிரு. உன்னயக் கொன்னுருவேனோன்னு பயமா இருக்கு."
"மாத்திரையாலதான்னு டாக்டரே சொல்லிட்டாருல்லா."
"அடிச்ச கை என்னோடதுல்லா."
வேட்டியைப் பிடுங்கி எறிந்தேன். மறுபடி எடுத்து நீட்டினார். அவர் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டேன். நான் எந்த மாத்திரையும் போட்டிருக்கவில்லை.