மரத்துக்குள் இருந்த பாதி

கீலக வருஷம், ஐப்பசி 9
சிராங்கூன் ரோடு

பக்கத்துக் கொல்லன் பட்டறை ஆறுமுக ஆசாரி தன் தங்கை வள்ளியோடு இன்று காலைக் கப்பலில் பினாங்குக்கே குடிபோயிருக்க வேண்டும். போகவில்லை. காரணம் நான்.

அவர் சம்மட்டி அடிக்கும் இரும்புப் பட்டடையையும் கப்பலில் ஏற்ற வேண்டும்; அதை நிறுக்கும் தராசு இந்தத் தெருவில் கிடையாது. அரிசிக் கிடங்கில் மூட்டையைப் பார்த்தே எடை சொல்கிறவன் என்று நேற்று என்னைக் கூப்பிட்டார். நீளம், அகலம், உயரம் எல்லாம் சாண் போட்டுப் பார்த்தேன். ஓர் அரிசி மூட்டைக் கனம்தான், இரண்டு ஆள் போதும் என்றேன். வள்ளி கதவோரம் நின்றிருந்தாள். பட்டடையை எவ்வளவு பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

ஆசாரி பட்டறையை வாங்கும்போதே பட்டடை அடியிலிருந்த மரக்கட்டையில் பதிந்திருந்ததாம். விடியற்காலையில் மரத்தைப் பிளந்தால், வெளியே தெரிந்த அளவு இரும்பு உள்ளேயும் இறங்கியிருந்தது. வந்த இரண்டு பேரால் அசைக்கக்கூட முடியவில்லை. வேறு ஆள் தேடுவதற்குள் கப்பல் போய்விட்டது. ஆசாரி சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் குழாயடியில் வள்ளி மெதுவாகக் கேட்டாள்.

"வேணும்னுதானே கொறச்சுச் சொன்னீங்க?"

"சத்தியமா இல்ல. மரத்துக்குள்ள இருந்தது எனக்குத் தெரியாது."

அவள் முகம் வாடிவிட்டது. குடம் நிறையும் முன்பே தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

படுத்தால் அந்த முகம்தான் வருகிறது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அடுத்த கப்பல் வெள்ளிக்கிழமை. ஆசாரி நான்கு ஆளுக்குச் சொல்லிவைத்துவிட்டார்.