கரிப்பொட்டு வைத்த முட்டைகள்

தேக்கா, சிங்கப்பூர்
14.8.1983

அன்பு மகள் பிரிஜட்டுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் அம்மாவும் சுகம், பெர்த் குளிரில் நீயும் சுகமாயிருக்க வேண்டும். வெட்கங்கெட்ட விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐம்பத்திரண்டு வயதில் உன் அப்பன் முட்டையைக் கண்டால் பயப்படுகிறான். அம்மா முட்டைக்குழம்பு வைத்தால் வயிறு சரியில்லை என்று எழுந்துவிடுகிறேன். அவள் அதை மார்க்கெட் முழுக்கச் சொல்லிவைக்க, முட்டைக்கடை அன்னம்மா நேற்று எனக்குச் சுக்குக் கஷாயம் கொடுத்தனுப்பினாள்.

நோய் வயிற்றில் இல்லை மகளே, நெஞ்சில். எங்கள் லேபில் கடலாமை ஆராய்ச்சி செய்யும் டாக்டர் சியாவுக்கு, ஆமை முட்டையிடும் இடங்களைக் காட்டுகிறவர் பாக் ரவூப். ஓராங் லாவுட், தலைமுறை தலைமுறையாகப் படகும் தீவுமாக வாழ்ந்த ஜனம். இப்போது தீவைக் காலி செய்து பத்தாவது மாடியில் வீடு கொடுத்திருக்கிறார்கள். லிஃப்டில் ஏறினால்தான் தனக்குக் கடல் மயக்கம் வருகிறது என்பார். அந்தத் தீவில் இறங்க டாக்டர் வாங்கிக்கொடுத்த பாஸ் இருப்பதால்தான் தன் கடற்கரையில் அவர் இன்னும் கால் வைக்கிறார். ஜூனில் ஒரு ஆமை அலையடிக்கும் தாழ்விடத்தில் முட்டையிட்டுவிட்டது, மேட்டுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. பாக் ரவூப் ஒவ்வொரு முட்டைக்கும் மேல்பக்கம் கரியால் பொட்டு வைத்து எடுத்தார், தொண்ணூற்றாறு முட்டை. என்னை வாளியோடு நிழலில் உட்காரவைத்துவிட்டு டாக்டரோடு குழி தோண்டப் போனார். இருபத்தாறு வருஷம் லேபில் குடுவை கழுவிய கை, அழுக்கைப் பார்த்தால் சும்மா இருக்குமா? ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, உருட்டி உருட்டி, பிங்பாங் பந்து மாதிரி அடுக்கிவிட்டேன். அப்புறம்தான் அவர் அங்கிருந்தே கத்துகிறார், ஆம்ப்ரோஸ், கரி மேலே இருக்கணும் லா, தலைகீழாப் போனா குஞ்சு செத்துடும் என்று. சரி லா, நானே வைக்கிறேன், நீங்க ரெண்டு பேரும் டீ குடிங்க என்று சொல்லி, கிட்டே வரவிடாமல் புதைத்து மூடிவிட்டேன்.

ஒரு குஞ்சுகூட வரவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் குழியைத் திறந்தபோது பாக் ரவூப் ஒரு முட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கரி கரைஞ்சிருக்கு, எங்கப்பா வச்சது கரைஞ்சதே இல்லை, எனக்குத்தான் வயசாயிடுச்சு என்றார். என்மேல் ஒரு சந்தேகப் பார்வைகூட இல்லை, அதுதான் எனக்கு விழுந்த அடி. டாக்டரோ, கரிப்பொட்டு நம்பத்தகாத முறை, இனிப் பயிற்சி பெற்றவர்கள் மட்டும் கரைக்குப் போனால் போதும் என்று தான் போகவிருக்கும் வெளிநாட்டு மாநாட்டுக்கு அறிக்கை எழுதிவிட்டார். அது மேடையேறினால் பாக் ரவூப்பின் பாஸ் போய்விடும். போன ஞாயிறு பூசை முடிந்ததும் லூர்து மாதா முன் முழந்தாளிட்டு வாக்குக் கொடுத்திருக்கிறேன், டாக்டர் கிளம்புமுன் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாக. ஆகையால் நீ அப்பாவை நினைத்துக் கலங்காதே.

நர்ஸ் வேலை பார்க்கிறவள் நீ, கேட்காமல் எதையும் துடைக்காதே. தப்பு நடந்தால் அன்றைக்கே வாயைத் திற. இருமலுக்கு மிளகு ரசம் வை, அம்மாவுக்குத் தனியாக நாலு வரி எழுத மறக்காதே. மாதாவின் கை உன் தலைமேல் எப்போதும் இருக்கட்டும்.

உன் அப்பா,
ஆம்ப்ரோஸ்

பி.கு. டாக்டர் நேற்று மாலை சாங்கியில் விமானம் ஏறிவிட்டார். அறிக்கை இருந்த பெட்டியை உள்ளே வரை தள்ளிக்கொண்டு போனவன் நான்தான்.