விக்ராந்துக்கு ஒரு பட்டுப் படம்

ஐப்பசி 9, திங்கள்

காலை முதல் தூறல். முழங்கால் வலி, மாத்திரை ஒன்று. தறிக் குழியில் ஈரம். மகன் குமார் சாக்கு மடித்துப் போட்டு உட்கார்ந்து நெய்கிறான்.

கப்பல் படம் பாதி ஏறிவிட்டது. முன்னாள் படைவீரர் சங்கம் கொடுத்த வேலை. விமானம் இறங்குகிற கப்பல், விக்ராந்த். மேலிருந்து பார்த்தால் எப்படியோ அப்படி, அரக்குப் பட்டில் ஜரிகை. அடுத்த வாரம் கொச்சிக்குப் போய்க் கப்பலிலேயே கொடுக்கிறோம். எனக்கும் டிக்கெட் போட்டாயிற்று.

மத்தியானம் எட்டிப் பார்த்தேன். ஐலண்டு, அதாவது தளத்தின் மேல் நிற்கிற கோபுரம், இடப்பக்கம்!

கப்பலின் மூக்கு படத்தில் மேலே இருந்தால் கோபுரம் வலப்பக்கம்தான். அந்தக் காலத்து விசிறி விமானம் இறங்க முடியாமல் திரும்ப எழும்பினால் இடப்பக்கம்தான் இழுக்குமாம். அதனால் அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டார்கள். ஜப்பான்காரன் மட்டும் பழைய காலத்தில் இரண்டு கப்பலுக்கு மாற்றி வைத்தானாம். கப்பல் மெஸ்ஸில் சொல்வார்கள்.

"டேய், கெடுத்துட்டியேடா. கோபுரம் அந்தாண்ட வரணும்டா."

"நைனா, ஒருவாட்டி குனிஞ்சி அடியில..."

"யாரைக் குனியச் சொல்ற? பதினாலு வருசம் அந்தக் கப்பல்ல சோறு ஆக்கினவன் நானு. நீ மெரீனாவுல கால் நனைச்சவன்."

மருமகள் செல்வி சமையல்கட்டிலிருந்து, "சேலையில மயிலு இப்படிப் பாத்தா இன்னா, அப்படிப் பாத்தா இன்னா மாமா? அழகாத்தானே இருக்குது." கப்பல் என்ன மயிலா?

வெட்டச் சொன்னேன். குமார் மறுபடி ஏதோ சொல்ல வந்தான். பிறகு வெட்டினான். இரவு மோர் சாதம்.

ஐப்பசி 10, செவ்வாய்

மழை இல்லை. குமார் டிசைன் கடைக்குப் போனான். கம்ப்யூட்டரில் படத்தை இடம் வலமாக மாற்றி, தறியில் மாட்டுகிற ஓட்டை அட்டை புதிதாக அடித்து வாங்கி வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

டீக்கடையில் சங்கத் தலைவர் முனுசாமி. தாமல்காரர், ராணுவத்தில் லாரி ஓட்டினவர். எல்லார் முன்னாலும் கேட்கிறார்: "பெரிசு, உன் கப்பலத்தான் ஒடைச்சி இரும்பா வித்துட்டாங்களே. இது டூப்ளிகேட்டுதானே?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். டூப்ளிகேட்டாம்!

அவருக்குச் சொன்னது, இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

எங்கள் கப்பல்: வெள்ளைக்காரன் சண்டைக்கென்று கட்டியது. சண்டை முடிந்ததும் பாதியில் கிடந்தது. அவன் வைத்த பெயர் ஹெர்குலிஸ். நாம் வாங்கி விக்ராந்த் ஆக்கினோம்.
விராட்: அதுவும் அவனிடம் ஓடியது. அங்கே ஹெர்மிஸ்.
விக்ரமாதித்யா: ரஷ்யாக்காரனுடையது. அங்கேயே இரண்டு பெயர் மாறி, நம்மிடம் மூன்றாவது பெயர்.
இந்தப் புது விக்ராந்த்: கொச்சியில் கட்டியது. இன்னொருத்தன் வைத்த பெயரை அழித்து எழுதவில்லை.

பழைய கப்பல் படையை விட்டுப் போன பிறகுதான் அதன் பெயர் புதிதுக்கு. ஒரே பெயரில் நம் படைக்கப்பல் இரண்டு ஒரே நாளில் மிதக்காது. நம்பரும் அதே பதினொன்று. பெயர் வைப்பது பொம்பளை கையால். செத்துப்போன அப்பா பெயரைப் பிள்ளைக்கு வைத்தால் அவன் டூப்ளிகேட்டா?

"உங்க ராணுவத்துல லாரிக்குப் பேர் வெப்பாங்களா?" என்றேன். கடையில் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை.

ஐப்பசி 13, வெள்ளி

குமார் விடியலிலிருந்து தறியில். சாப்பாடும் அங்கேயே. கோபுரம் இப்போது வலப்பக்கம். பார்த்தேன், திருப்தி. நல்ல ஜரிகை. சொல்லவில்லை. சொன்னால் தலைக்கு ஏறிவிடும்.

பள்ளிக்கூடம் போனதில்லை நான். எழுத்து கற்றது அந்தக் கப்பலில். திருநெல்வேலிக்காரர் ஒருத்தர், மாவு கொட்டிய மேஜையில் விரலால் 'அ' போட்டுக் காட்டினார். அந்த மேஜையில் எத்தனை ஆணி என்று இன்றைக்கும் சொல்வேன். பதினாறு.

ஐப்பசி 17, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

காலை பத்து மணிக்குப் படம் முடிந்தது. தறியிலிருந்து அறுத்தான். பாயில் விரித்து, திருப்பிப் போட்டான்.

கோபுரம் இடப்பக்கம்.

இந்த வேலையில் துணி குப்புறப் படுத்து வளரும். தறிமேல் தெரிவது முதுகு. முகம் அடியில். இந்தத் தெருவில் நடை பழகுகிற பிள்ளைக்கும் தெரியும். நானும் இதே குழியில் உட்கார்ந்தவன்தான். பதினேழு வயதில் தறியை விட்டு ஓடினேன். ஆணியை எண்ணி வைத்தேன், இதைத் தொலைத்தேன். அவன் முதலில் நெய்தது சரி. சரியானதைத்தான் வெட்டவைத்தேன்.

"தெரிஞ்சிக்கினே நெஞ்சியாடா?"

"அடியில கண்ணாடி வெச்சிப் பாருன்னு ரெண்டுவாட்டி சொல்ல வந்தேன். கை ஓங்கினியே நைனா."

ஓங்கினேன். ஞாபகம் இருக்கிறது.

சாயங்காலம் தலைவர் எடுத்துப்போக வந்தார். நாளைக்கு ரயில். தப்பு இருக்கிறது, என்னால் வந்த தப்பு, மகன்மேல் ஒன்றும் இல்லை என்றேன். பத்து நாள் பொறுங்கள், நெய்து பார்சலில் அனுப்புகிறோம் என்றேன்.

"இம்மாந்தானா? பளபளன்னு இருக்குது, எவன் கவனிக்கப் போறான்?"

"கப்பல்ல இருக்கறவன் கவனிப்பான்யா! தெனம் அவன் நடக்கற எடம்."

"அப்போ பின்பக்கத்த வெளிய காட்டிச் சட்டம் போட்ருவோம். அதுல சரியாத்தானே இருக்குது?"

பின்பக்கம் முழுக்க ஜரிகை இழை தொங்குகிறது. முதுகைக் காட்டவா கொச்சி வரை போவது? அந்தப் பெயர் போட்ட கப்பலில் என் தப்பு சட்டம் போட்டுத் தொங்கவா?

"நாளைக்கு வெறுங்கையோட போவச் சொல்றியா? துணி சங்கத்துது, பெரிசு," என்று சுருட்டப் போனார்.

குமாரின் கத்தரி பக்கத்தில் கிடந்தது. எடுத்தேன். என் மகன் ஆறு நாள் முதுகு குனிந்து நெய்தது அது. தெரிந்துதான் எடுத்தேன்.

"யோவ், இன்னா பண்ற!" என்று தலைவர் கத்தினார். குமார் எழுந்து வந்து என் கையைப் பிடித்தான். தடுக்கிறான் என்று நினைத்தேன். கத்தரியைப் பிடுங்கிக்கொண்டான்.

"கை நடுங்குது நைனா. கோணலாப் பூடும்."

அவனே வெட்டினான். கோபுரத்துக்கு நடுவே, நேராக.