இடது காலை ஊன்றும் ஊர்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சைக்கிளில் நாற்பது கிலோமீட்டர். ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம்.

கோச் லாயிட் என் நேரத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். "மேடம், இந்த கேன்வாஸ் ஷூல நீங்க கப்பன் பார்க்ல வாக்கிங் போலாம்." ரிச்சர்ட்ஸ் டவுனில் அவர் வீட்டு வாசலில் நின்ற பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். விடியற்காலையில் சிரிக்க எப்படி முடிகிறதோ.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த நவம்பர் டிரையத்லானில் யாருக்கு முழு தூரம், யாருக்குப் பாதி என்பதை அவர்தான் முடிவு செய்வார். கிளப் பதிவு அவர் கையில். செப்டம்பர் 28-ல் நாற்பது கிலோமீட்டரை 1:40-க்குள் ஓட்டிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பாதி. "ஆன்ட்டி கேட்டகிரி" என்று கூட ஓட்டும் ரித்விக் முணுமுணுத்தான். காது நன்றாகவே கேட்கிறது எனக்கு.

என் வாழ்க்கையில் பாதியில் நின்றவை ஏற்கெனவே இரண்டு. ஒரு பிஎச்.டி., ஒரு கல்யாணம். மூன்றாவது வேண்டாம்.

ஆகஸ்ட் 9, சனி

ஷூ வாங்கியாயிற்று. வெட்கமாக இருக்கிறது. அழகில் குறையில்லை, வாங்கிய விதத்தில்தான்.

பீன்யா தொழிற்பேட்டையில் இருபத்திரண்டு வருடமாகத் தராசுகளையும் அளவுகோல்களையும் சரிபார்க்கும் வேலை பார்க்கிறேன். அளக்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. இன்று அளக்காமல் வாங்கினேன். கடைக்காரர் ராகேஷ் போனை நீட்டினார். மறுமுனையில் லாயிட். "அதே மாடல்தான் எல்லாரும் போடறாங்க மேடம். டிரையத்லான் ஷூ. தண்ணியிலேர்ந்து வந்தா ஒரே பட்டை, இழுத்து ஒட்டினா முடிஞ்சது."

பட்டை சரி. குதிகாலில் இழுத்து மாட்ட ஒரு வளையம், அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள், அதுவும் சரி. ஆனால் முன்பாதம் நசுங்குகிறது. "லேடீஸ்ல இவ்ளோதான் அகலம். டைட்டா இருந்தாதான் பவர் வரும்" என்றார் ராகேஷ். எதை வைத்துச் சொல்கிறார்? கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? ஓரத்தில் ஊதா நிறக் கோடு வேறு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பெடலில் பூட்டிக்கொள்வதற்காக ஷூவின் அடியில் பொருத்திய கட்டையோடு கூடத்தில் நடந்து பார்த்தேன். மொசைக் தரையில் டக், டக். அக்கா ருக்மிணி பேப்பரை இறக்கினாள்.

"என்னடி இது, லாடம் அடிச்சுண்டு வந்துட்ட? மல்லேஸ்வரத்துல ஜட்கா ஓட்டப் போறியா?"

ஓய்வுபெற்ற அண்டர் செகரட்டரி. வேலையிலிருந்துதான் ஓய்வு.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

விழுந்தேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கட்டை பெடலில் மாட்டிக்கொண்டால் குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் கழலும். லாயிட்டின் சட்டம்: எப்போதும் வலது காலைத்தான் கழற்ற வேண்டும். ஹெண்ணூர் கிராஸ் சிக்னல். வலது காலைக் கழற்றி ஊன்றினேன். வலப்பக்கம் பஸ் ஒன்று முழங்கையை உரசாத குறையாகப் போனது. பயந்து இடப்பக்கம் சாய்ந்தேன். இடது கால் பூட்டியே இருந்தது. அப்படியே நடைபாதைக் கல்லின் மேல். மரம் சாய்வதுபோல, நிதானமாக, பலர் பார்க்க.

கிளப் பெண் அதிதிதான் ஓடி வந்தாள். "ஆன்ட்டி, ரத்தம்!" லாயிட் சைக்கிளைத் தூக்கி, முதலில் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னை.

"ஷூ மேல தப்பில்ல மேடம். பேலன்ஸ். வயசானா வர்றதுதான்."

என்ன நெனச்சுண்டிருக்கான் இவன்? இருபத்தஞ்சு வருஷமா இந்த ஊர் டிராஃபிக்ல ஸ்கூட்டர் ஓட்டறேன். ஒரு தடவை விழுந்திருக்கேனா?

ஆகஸ்ட் 18, திங்கள்

இடது முழங்கையில் மூன்று தையல். கால்விரல்களும் மரத்துக் கிடக்கின்றன. அக்கா ரசம் சாதம் பிசைந்து கொடுத்தாள். ஜட்கா கேலியை எடுக்கவே இல்லை. அது இன்னும் மோசம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

போகவில்லை. லாயிட் எங்களுக்கு அனுப்பும் வெளிநாட்டுப் பயிற்சி வீடியோக்களை வரிசையாகப் பார்த்தேன். பதினேழு. எல்லாவற்றிலும் வலது கால். எல்லாவற்றிலும் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகின்றன.

அவர்களுக்கு ஓரம் வலது பக்கம். நடைபாதை வலது பக்கம். அதனால் வலது கால். நமக்கு ஓரம் இடது. ஸ்கூட்டரில் நிற்கும்போது என் இடது கால் தானாக இறங்குமே! இந்த ஊரில் யாருக்குத்தான் இறங்காது? ஆனால் இந்தப் பன்னிரண்டு பேரும் நானும் மட்டும் எவனுடைய நாட்டுக்கோ காலை ஊன்றிக்கொண்டு, பஸ் பக்கமாகச் சாய்ந்து நிற்கிறோம்.

அதிதிக்கு போன் செய்தேன். அவளும் விழுந்திருக்கிறாள். கிளப்பில் பவுலினுக்கு முட்டியில் அடி. ரித்விக்குக்கு மணிக்கட்டு. எல்லாரும் சிக்னலில், எல்லாரும் இடப்பக்கம். "முதல்ல எல்லாரும் விழுவாங்க ஆன்ட்டி, கோச் சொன்னாரே." நம்பியிருக்கிறார்கள். நானும்தான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சொன்னேன். லாயிட்டைத் தனியாகத்தான் அழைத்து, நம் ஊரில் இடது காலைத்தான் கழற்ற வேண்டும் என்று சொன்னேன். அந்த மரியாதைகூடத் தேவையில்லை என்று இப்போது தோன்றுகிறது.

லாயிட் தண்ணீர் பாட்டிலை மூடி, திறந்து, மறுபடி மூடினார். "பதினாலு வருஷம் கோச்சிங் பண்றேன் மேடம். நீங்க தராசைப் பாருங்க, நான் சைக்கிளைப் பாக்கறேன்." பிறகு எல்லார் காதிலும் விழும்படி: "உங்க பேரை பாதி லிஸ்ட்ல போட்டிருக்கேன். சேஃப்டிக்காக."

"இருபத்தெட்டாம் தேதி வரைக்கும் டைம் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இருக்கு. ஓட்டுங்க." தோளைக் குலுக்கினார்.

ஓட்டுகிறேன்.

செப்டம்பர் 6, சனி

பாதங்களை கிராஃப் தாளில் வைத்து வரைந்தேன். காலையில், மாலையில், நீச்சலுக்குப் பிறகு. வலது பாதம் இடதைவிட நான்கு மில்லிமீட்டர் நீளம். மாலையில் இரண்டுமே அகலம். போட்டியில் ஷூவுக்குள் போகப்போவது ஈரமான, சாக்ஸ் இல்லாத கால். கடையில் நான் போட்டுப் பார்த்தது காலை பதினொரு மணிக்கு, தடித்த சாக்ஸோடு. என்னிடம் வேலை செய்கிறவர்கள் இப்படி அளந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

நீச்சல் குளத்திலிருந்து நேரே ராகேஷ் கடைக்கு. அக்கா கூட வந்தாள், "வேடிக்கை பார்க்க." ஆண்களுக்கான அகல ஷூவைக் காட்டச் சொன்னேன்.

"மேடம், அது ஜென்ட்ஸ்."

அக்கா தன் செகரட்டேரியட் குரலை எடுத்தாள். "ஏம்ப்பா, ஜென்ட்ஸ், லேடீஸ்னு கால்ல எழுதி ஒட்டியிருக்கா? எடு. சும்னே மாத்தாட பேடா."

கன்னடத்தில் வாயை மூடச் சொன்னதும் எடுத்தார்.

ஒரே பட்டை, வெளிப்பக்கமாகத் திறப்பது. அகலம் போதும். ஈரக்காலோடு நாற்பது நிமிடம் கடை சைக்கிளில் உட்கார்ந்து மிதித்தேன். விரல்கள் மரக்கவில்லை. கறுப்பு. ஊதாக் கோடு இல்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

இடது பெடலின் பிடிப்பைக் கால்வாசித் திருகு, கால்வாசித் திருகாகத் தளர்த்தினேன். சம்பங்கி ரோடில் நூறு தடவை நின்றேன். நூறு தடவையும் இடது கால். விழவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

1:37.

லாயிட் ஸ்டாப்வாட்சை உதறிப் பார்த்தார். "இது சரியா ஓடுதா?"

"நீங்கதானே தராசைப் பாக்கச் சொன்னீங்க? குடுங்க, பாத்துத் தரேன்."

அதிதி சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. பாதிப் பட்டியலில் என் பெயரை அடித்து, முழு தூரத்தில் எழுதினார். எழுத்துப்பிழையோடு.

நவம்பர் 9, ஞாயிறு

டிரையத்லான். முழு தூரத்தையும் முடித்தேன். கொப்புளம் ஒன்றுகூட இல்லை.

அக்கா ஃபிளாஸ்க்கோடு நின்றாள். "கடைசியா நீதான் வருவேன்னு நெனச்சேன். பின்னாடி இன்னும் ஆறு பேர் இருக்கா!" மிகவும் ஏமாற்றமடைந்தவள்போல் சொன்னாள்.

நவம்பர் 23, ஞாயிறு

புதிதாக நான்கு பேர் சேர்ந்திருக்கிறார்கள். லாயிட் வாசலில் நின்று பாடம் எடுத்தார். "எப்பவும் லெஃப்ட் கால். நம்ம ஊர்ல ஓரம் லெஃப்ட்ல இருக்கு. காமன் சென்ஸ்." என் பக்கம் திரும்பவே இல்லை. பவுலின் என்னைப் பார்த்தாள். நான் என் பட்டையைச் சரிசெய்தேன்.

ஹெண்ணூர் கிராஸ் சிக்னல். நான் ஓரமாக, இடது காலை ஊன்றி நின்றேன். வலப்பக்கத்தில் லாயிட் வந்து நின்றார். பதினாலு வருடப் பழக்கம், அவருடைய வலது கால்தான் இறங்கியது. லாரி ஒன்று ஒட்டிக்கொண்டு போயிற்று. அவர் என் பக்கம் சாய்ந்தார். இடது கால் பூட்டியிருந்தது.

நகர்ந்திருக்கலாம். நகரவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டார். கனமான கை.

இருவரும் சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாற்பது நொடி இருக்கும்.

"தேங்க்ஸ்" என்றார், எதிரே பார்த்தபடி.

"வயசானா வர்றதுதான்" என்றேன்.

பச்சை விழுந்ததும் நான் முதலில் கிளம்பினேன்.