சாய்த்துப் பிடித்த பச்சைக் கண்ணாடி

இராஜபாளையம்,
14 நவம்பர் 1947

அன்பு மகள் அருள்செல்விக்கு அப்பா எழுதுவது.

கர்த்தரின் தயவால் நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், பெங்களூர்க் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். சுகம் என்ற சொல்லை இந்த வாரம்தான் மனதறிந்து எழுதுகிறேன். போன கடிதத்தை உன் அம்மாவை இரண்டே வரியில் எழுதச் சொன்னதற்குக் காரணம் இருந்தது, உன்னைக் கலங்க வைக்க வேண்டாம் என்று மறைத்தேன், இப்போது எல்லாம் தீர்ந்துவிட்டபடியால் சொல்கிறேன், பதறாமல் வாசி.

உன் ஆராய்ச்சிக் கூடத்தில் நீயே செய்ததென்று ஒரு சிறு கண்ணாடிச் சில்லு அனுப்பியிருந்தாய் அல்லவா, வெள்ளை வெளிச்சத்தில் பச்சையை மட்டும் உள்ளே விட்டு மற்ற நிறங்களைத் திருப்பி அனுப்பிவிடும் என்று எழுதியிருந்தாய். பெருமை தாங்காமல் அதைச் சாயப்பட்டறைக்குக் கொண்டுபோனேன். அத்தனை வருடம் விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்தவனுக்குத் தலைமை ஆசிரியர் வேலை இல்லை என்று கைவிரித்து என்னை இந்தப் பட்டறைக்கு வரவைத்தவர்களை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன், என் மகள் செய்ததையாவது நாலு பேர் பார்க்கட்டும் என்று தோன்றியது. முதலாளி அல்லா பிச்சை, வேலையாட்கள், அங்கேயே வேலை பார்க்கும் உன் தாய்மாமன் நேசையன் எல்லாரும் கூடி நின்றார்கள். நான் ஜன்னலோரம் போய்க் கண்ணாடி வழியே பார்த்தேன். நீலம். தெளிந்த நீலம். உன் எழுத்தை நான் சந்தேகிக்கவில்லை, ஆனாலும் கண்ணில் பட்டதை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். நேசையன் வாங்கிப் பார்த்து, "அத்தான், இது கிளிப்பச்சைல்லா. பச்சையும் நீலமும் ஒண்ணாத் தெரியுதுன்னா நம்ம பட்டறை நூலு என்ன பாடு பட்டிருக்கும்!" என்று சிரித்தான். முதலாளிக்கும் பச்சையாகத்தான் தெரிந்தது. "வாத்தியாரய்யா, கொஞ்ச நாளு கண்ணுக்கு ஓய்வு குடுங்க" என்று அவர் மரியாதையாகத்தான் சொன்னார், ஆனால் நிறம் பார்க்கிற என் வேலை அன்றே நேசையன் கைக்குப் போயிற்று.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிப் போய்க் கண் டாக்டரிடம் காட்டினேன். கண்ணில் புரை விழவில்லை, எழுத்தெல்லாம் நன்றாகத் தெரிகிறது என்றார். அதுதான் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது, எழுத்து தெரிந்து நிறம் தெரியாதவனுக்குச் சாயப்பட்டறையில் என்ன வேலை? எதைப் பார்த்தாலும் இதன் நிறம் நிஜமாகவே இதுதானா என்று சந்தேகம். உன் அம்மாவிடம் முருங்கைக்கீரையைக் காட்டி என்ன நிறம் என்று கேட்டேன். "கீரை, கீரை நிறத்துலதான் இருக்கு, ஆஞ்சு குடுங்க" என்றாள்.

போன சனிக்கிழமை அந்தச் சில்லைப் பெட்டிக்குள் எடுத்து வைக்கப் போன உன் அம்மா ஜன்னலில் பிடித்துப் பார்த்திருக்கிறாள். "இங்கன வாங்க, நேராப் பிடிச்சாப் பச்சை. நீங்கதான் எதையும் கோணலாப் பிடிப்பியளே, அப்படிப் பிடிச்சா நீலம்" என்றாள். பிடுங்கிப் பார்த்தேன், உண்மை. ஈர நூலின் பளபளப்பு கண்ணை ஏமாற்றும் என்று நாங்கள் நூல் கட்டான சிட்டத்தைச் சாய்த்துப் பிடித்துத்தான் நிறம் பார்ப்போம், அதே பழக்கத்தில் உன் கண்ணாடியையும் சாய்த்திருக்கிறேன். சாதாரண நிறக் கண்ணாடியை எப்படிச் சாய்த்தாலும் அதே நிறம்தானே. இதில் சாயமே கிடையாது என்று நீ எழுதியிருந்தது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பிறகு சிலேட்டில் போட்டுப் பார்த்தேன், சரியா என்று நீ சொல். நீ எழுதியிருந்தபடி மெல்லிய இரண்டு வெள்ளிப் படலங்கள், நடுவே ஒளி புகும் ஒரு படலம். உள்ளே போன வெளிச்சம் இரண்டு வெள்ளிக்கும் இடையே முட்டி முட்டித் திரும்புகிறது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெளியே கசிகிறது. அந்த இடைவெளிக்குப் பொருந்துகிற அலைநீளமாக இருந்தால் கசிகிற அலைகள் மேட்டோடு மேடு சேர்ந்து பலமாக வருகின்றன, பொருந்தாதவை ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் அந்த வெளிச்சம் வந்த பக்கமே திரும்பிவிடுகிறது. சாய்த்தால் உள்ளே வழி நீளுமே, அப்போது சிவப்புப் பக்கம் அல்லவா போக வேண்டும் என்று முதலில் இடறினேன். கணக்கு வழியின் நீளத்தில் இல்லை, நேரே வெளியேறிய அலைக்கும் முட்டித் திரும்பி வந்த அலைக்கும் உள்ள பின்னடைவில் இருக்கிறது, சாய்த்தால் இரண்டும் வெளியேறும் இடங்கள் விலகி, முந்திய அலைக்கும் வெளியே கூடுதல் வழி சேர்வதால் அது குறைகிறது, ஆகவே அலைநீளம் குறைந்த நீலம் வருகிறது. இது புரிந்ததும் சிலேட்டை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்று உன் அம்மா எழுதினால் நம்பாதே.

திங்கட்கிழமை பட்டறையில் எல்லார் முன்பும் நேசையன் கையில் கண்ணாடியைக் கொடுத்து, சிட்டத்தைப் பிடிக்கிற மாதிரி பிடி என்றேன். பிடித்தான். என்ன நிறம் என்றேன். நிமிர்த்திப் பார்த்தான், மறுபடி சாய்த்தான். முதலாளி வாங்கிச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ஏலே நேசையா, நீலம்லா! அப்ப ஒனக்கும் எனக்கும் சேத்துக் கண்ணு போச்சா?" என்று சிரித்து, அப்போதே என்னை நிறம் பார்க்கிற வடக்கு ஜன்னலுக்கு அனுப்பிவிட்டார். "தப்பா நெனைக்காதீய அத்தான்" என்றான் நேசையன். நினைக்கத்தான் நினைக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு அவன் வீட்டுக்கு உன் அம்மா போகட்டும், நான் போகப்போவதில்லை.

ஆராய்ச்சிக் கூடத்தில் பம்பு ஓடுகிற அறையில் சாப்பாட்டை மறந்து நிற்காதே, ஸ்வெட்டர் போட்டுக்கொள். இனி இப்படி ஏதாவது அனுப்பினால் நேராகப் பிடிக்கவும் என்று மேலே எழுதி அனுப்பு. கர்த்தர் உன் கைகளின் வேலையை ஆசீர்வதித்து உன்னைக் காப்பாராக. பண்டிகைக்கு உனக்கு ஒரு பச்சைச் சேலை பார்சலில் வருகிறது. அதன் நூலை ஜன்னலில் நிறம் பார்த்து எடுத்தது நான்தான், நீ எப்படிச் சாய்த்துப் பார்த்தாலும் அது பச்சைதான்.

உன் அப்பா,
ஞா. வேதசிரோமணி