மாமாவின் மூச்சைக் கண்டேன்

இஞ்சாருங்கோ,

சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் குசினியில் மூடி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, மூன்று மணி பஸ்ஸில் திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

நேற்று மாமாவின் நெஞ்சில் குழாய் வைக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னதும், "புற்றுநோய் மாறாது எண்டு சொல்லிப்போட்டு ஏன் அப்பாவை வதைக்கிறியள்?" என்று கேட்டுவிட்டு வெளியேறிவிட்டீர்கள். நான்தான் சம்மதம் சொன்னேன். கோபமாக இருப்பீர்கள். ஆனாலும் நான் கண்டதைச் சொல்லவேண்டும்.

நெஞ்சில் கட்டியிருந்த நீர் குழாய் வழியாகக் கட்டிலுக்குக் கீழே இருந்த போத்தலில் இறங்கியது. வார்ட்டுத் தாதி பத்மாசனி மிஸ்ஸி வெறுந்தரையில் முழங்காலிட்டு அதையே கவனித்துக்கொண்டிருந்தார். என்னையும் பக்கத்தில் இருத்தினார். "குழாய்க்குள்ள தண்ணி ஏறி இறங்குது, பாருங்கோ. அது ஐயாவின்ர மூச்சு," என்றார். ஒரு மனிதரின் மூச்சைக் கண்ணால் காண்பேன் என்று நான் நினைத்ததேயில்லை. எழும்ப மனமில்லாமல் அப்படியே இருந்துவிட்டேன்.

ஒரு மாதமாகக் கதிரையில் இருந்தபடியே நித்திரை கொண்டவர், இன்று விடியத் தலையணையில் சாய்ந்து படுத்தார். மூச்சு வாங்காமல், "தம்பி சாப்பிட்டவனோ, பிள்ளை?" என்று உங்களைத்தான் கேட்டார்.

நோய் மாறாதுதான். அது எனக்கும் தெரியும்.

விமலேஸ்வரி

மறந்துபோனேன்: அலுமாரிக்கு மேலே இருக்கும் சின்னத் தலையணையை நீங்களே கொண்டுவாருங்கள். மாமா இருமும்போது, குழாய் வைத்த பக்கத்தில் அதை ஒருவர் அணைத்துப் பிடிக்கவேண்டும். மிஸ்ஸி சொல்லித் தருவார். நீங்கள் பிடித்தால் நோகாது என்கிறார் மாமா.