லிட்கமில் கேட்ட மூன்று கேள்விகள்

லிட்கம், சிட்னி
ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை

மதிப்புக்குரிய தம்பி சுபாங்கனுக்கு,

நிரூபாவின் அப்பா சிறிதரன் எழுதுகிறேன். சுகமா என்று கேட்க எனக்கு முகமில்லை, என்றாலும் கேட்கிறேன். மெல்பேணில் இந்த முறை குளிர் கூட என்று செய்தியில் சொன்னார்கள். உம்முடைய வீட்டில் ஹீட்டரைத் திருத்தியாகிவிட்டதா? போனில் பேசினால் நான் குரலை உயர்த்திவிடுவேன், அது என் வியாதி. நிரூபாவும் மூன்று மாதமாக என் போனை எடுப்பதில்லை. அதுதான் கடிதம்.

போன சித்திரை வருடப்பிறப்புக்கு, நிரூபாவைக் கட்டப்போகிறவராக நீர் முதல்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தீர். நிரூபா ஹெயிட்டி நாட்டுச் சிந்தனையாளர்களை ஆராய்ந்து பட்டம் வாங்கிய பெருமையில், நான் உமக்கு ஒரு மணித்தியாலம் வகுப்பு எடுத்தேன். அடிமைகளாக இருந்த கறுப்பு மக்கள் பிரெஞ்சுக்காரனைத் துரத்திவிட்டு நாடு அமைத்ததைச் சொன்னேன். ஐரோப்பியப் படிப்பாளிகள் மண்டை ஓட்டை அளந்து, இவர்கள் கீழான இனம், இவர்களுக்கு நாகரிகம் வராது என்று எழுதியதைச் சொன்னேன். பாரிஸில் அந்த அளவுகாரரின் சங்கத்திலேயே உறுப்பினராக இருந்த ஒரு ஹெயிட்டிக்காரர், மனித இனங்களில் மேல் கீழ் இல்லை என்று தடித்த புத்தகமாக மறுமொழி கொடுத்ததையும் கை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். நீர் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தீர். பிறகு நிரூபாவின் அம்மா சிவனேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்தாள். அதே வாயால் நான் கேட்டேன்: ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி.

சாதி என்ற சொல்லை நான் உச்சரிக்கவில்லை. எங்கள் ஆட்கள் அதில் கெட்டிக்காரர். நீர் மூன்றுக்கும் பதில் சொல்லி, தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையை நீரே குசினியில் கொண்டுபோய் வைத்தீர். இருபத்திரண்டு வருடம் இந்த ஊரில் பஸ் ஓட்டியவன் நான். ஏறுகிறவன் எவனாவது, நீ உண்மையில் எந்த நாடு என்று கேட்டால் அன்று முழுக்கக் கொதித்துக்கொண்டிருப்பேன். சிவனேஸ்வரியிடம் வேண்டுமானால் கேளும்.

அதோடு விட்டேனா? ரொறன்ரோவில் இருக்கும் என் கூட்டாளி ஜெகதீஷிடம் விசாரிக்கச் சொன்னேன். கலியாணம் என்றால் விசாரிப்பது வழமைதானே என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அவன் எப்படியோ உங்கள் ஊர்க் கடை ஒன்றின் நம்பரைப் பிடித்திருக்கிறான். கடைக்காரர், அங்கே சாமான் வாங்க நின்ற ஒரு அம்மாவிடம் போனை நீட்டியிருக்கிறார். பெடியன் எப்படி என்று இவன் கேட்க, தங்கமான பிள்ளை என்றாராம். என்ன ஆக்கள் என்று கேட்க, "மனிசர்தான்" என்றாராம். நீங்கள் ஆர் என்று கேட்க, "நான்தான் அவனைப் பெத்தனான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாராம்.

ஜெகதீஷ் இதைச் சிரித்துக்கொண்டு சொன்னான். நானும் சிரித்தேன், தம்பி. ஸ்பீக்கரில் போட்டிருந்தபடியால் பக்கத்து அறையில் நிரூபாவுக்கு எல்லாம் கேட்டது. அன்றே பெட்டியைக் கட்டிக்கொண்டு மெல்பேணுக்கு வந்துவிட்டாள்.

போன கிழமை சிவனேஸ்வரி, நிரூபாவின் ஆய்வேட்டை என் முன்னால் போட்டுவிட்டு, "மற்றவைக்குச் சொல்லிக்கொண்டு திரியிறியள், ஒருக்கா முழுக்க வாசிச்சுப் பாருங்கோ" என்றாள். உண்மைதான். நான் முதல் அத்தியாயத்தைத் தாண்டியதில்லை. அகராதியும் கையுமாக இருந்து வாசித்தேன். அவர்களுடைய ஆரம்பகால அரசியல் சட்டத்தில், நாட்டவர் எல்லாரும் இனிக் கறுப்பர் என்றே அழைக்கப்படுவார்கள் என்று எழுதினார்களாம். அங்கேயே தங்கிவிட்ட போலந்துக்காரரும் ஜெர்மன்காரரும் அதற்குள் அடக்கம். என்ன துணிச்சல்! எழும்பி வீட்டு வளவுக்குள் கொஞ்சநேரம் நடந்துவிட்டு வந்தேன்.

நாலாம் அத்தியாயத்தில்தான் மாட்டிக்கொண்டேன். அப்படி எழுதிய நாட்டிலேயே வெளிர் நிறத்தவர் கறுத்தவரை இளக்காரமாகப் பார்த்ததும், பட்டணத்துப் படித்தவர்கள் மலைக்கிராமத்துச் சனம் கும்பிடும் முறையை நாகரிகமில்லை என்று ஒதுக்கியதும் வருகிறது. எசமானைத் துரத்தியவர்கள் அவனுடைய அளவுகோலைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்கள் என்று எழுதியிருக்கிறாள். எனக்குத்தான் எழுதினாளோ என்று திகதியைப் பார்த்தேன். உம்மை நான் காண்பதற்கு இரண்டு வருடம் முந்தியது. மண்டை அளந்தவனுக்காவது ஒரு கருவி தேவைப்பட்டது. எனக்கு மூன்று கேள்வி போதுமாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னியும்.

பதினாறாம் திகதி உங்கள் திருமணப் பதிவுக்கு சிவனேஸ்வரி பிளேன் டிக்கெட் எடுத்துவிட்டாள், ஒன்றே ஒன்று. நானும் வரட்டுமா என்று உம்மிடம் கேட்கத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். ஆனால் உம்முடைய அம்மாவுக்கு வீசா கிடைக்கவில்லை, வீடியோவில்தான் பார்க்கப் போகிறார் என்று நேற்று அறிந்தேன். பெற்றவர் தூரத்தில் இருந்து போனில் பார்க்க, அவரையே விசாரித்த நான் முன்வரிசையில் இருப்பது நியாயமில்லை. அவருடைய நம்பரை அனுப்பிவிடும். ஆள் வைத்தல்ல, நானே எடுக்கிறேன். ஏசினால் கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் வரச் சொன்னால் வருகிறேன். சொல்லாவிட்டால் என் ஆசீர்வாதத்தை சிவனேஸ்வரி கொண்டுவருவாள். எப்படியானாலும் உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வரக்கூடாது.

மாமா என்று கையெழுத்து வைக்க ஆசையாக இருக்கிறது. அதையும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான்.

சிறிதரன்